கில் டெவில் ஹில்ஸ்: ரைட் சகோதரர்கள் பறந்த இடத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் கடலோரத்தில், அவுட்டர் பேங்க்ஸ் என்று அழைக்கப்படும் நீண்ட மணல் தீவு வரிசையில், ரைட் சகோதரர்கள் தேசிய நினைவிடம் இருக்கிறது. 1903 டிசம்பர் 17 அன்று வில்பர், ஆர்வில் என்ற அந்தச் சகோதரர்கள் செய்த, எஞ்சின் பொருத்திய, பைலட் தன் கட்டுப்பாட்டில் வைத்து ஓட்டிய விமானம் முதல்முறையாகப் பறந்த இடம் இது. கோடையில் கடற்கரைக்கு வரும் குடும்பங்கள் பல, போகிற போக்கில் உள்ளே நுழைந்து, குன்றின் உச்சியில் நிற்கும் தூணுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகின்றன. பார்க்கவே வருத்தமாக இருக்கும். அந்தத் தூண் 1932-இல் கட்டியது. விமானம் பறந்தது தூண் நிற்கும் உச்சியிலிருந்து அல்ல, வடக்கே கீழே தெரியும் தட்டையான தரையில். அந்தத் தரையில் நடக்காமல் திரும்பினால் இந்த இடத்தைப் பார்த்ததாகவே ஆகாது. அதனால் எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே நேரம் செலவழிப்பது என்பதைத்தான் இதில் முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

போவதற்கு முன்: பெயர்க் குழப்பமும் வழியும்

எல்லாப் பாடப்புத்தகத்திலும் "கிட்டி ஹாக்" என்றே இருக்கும். நினைவிடம் இருப்பதோ கில் டெவில் ஹில்ஸ் என்ற ஊரில், கிட்டி ஹாக்கிலிருந்து சுமார் நாலு மைல் தெற்கே. 1903-இல் கில் டெவில் ஹில்ஸ் என்று தனி ஊரே கிடையாது, வெறும் மணற்குன்றுகள்தான். பக்கத்தில் இருந்த கிராமமும் தபால் நிலையமும் கிட்டி ஹாக். அதனால் செய்தியில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போனில் வழி தேடும்போது கிட்டி ஹாக் என்று மட்டும் போடாதீர்கள், நினைவிடத்தின் முழுப்பெயரைப் போடுங்கள்.

பக்கத்தில் உள்ள பெரிய விமான நிலையம் வர்ஜீனியாவின் நார்ஃபோக். அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் கூடவும் ஆகலாம். ராலே, கேரி பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு சுமார் 200 மைல், மூன்றரை மணி நேரம். வாஷிங்டனிலிருந்து ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுப் போக்குவரத்தை நம்பி வரக்கூடிய இடம் இல்லை, கார் கட்டாயம் வேண்டும். நார்ஃபோக் பக்கமிருந்து வந்தால் 158-ஆம் எண் நெடுஞ்சாலை ரைட் நினைவுப் பாலம் வழியாகக் காயலைக் கடந்து தீவுக்குள் இறங்கும். அப்புறம் தெற்கே திரும்பி வந்தால் ஏழரையாவது மைல்கல் பக்கத்தில் வலது கைப்புறம் நுழைவாயில். குன்றும் தூணும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும், தவறவிட வாய்ப்பில்லை.

எந்தக் கிழமை என்பதையும் யோசியுங்கள். கோடையில் இந்தத் தீவுகளில் வீடுகளை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள், பெரும்பாலும் சனிக்கிழமைதான் ஆட்கள் மாறும் நாள். அன்றைக்கு அந்தப் பாலத்தில் வண்டிகள் மைல் கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஜூலை சனிக்கிழமை காலையில் ஒரே நாளில் போய்வரத் திட்டம் போடுவது வீண். ஏப்ரல், மே அல்லது அக்டோபரின் வார நாள் ஒன்று கிடைத்தால் அதுதான் சிறந்தது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம், ஆகஸ்ட் செப்டம்பரில் வருகிறவர்கள் வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டு அறை எடுங்கள்.

நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை, டிசம்பர் 25 தவிர எல்லா நாளும். நுழைவுக் கட்டணம் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் 10 டாலர், அந்தச் சீட்டு ஏழு நாள் செல்லும். 15 வயது வரை இலவசம். தேசியப் பூங்கா ஆண்டுச் சீட்டு இருந்தால் அதுவே போதும். கட்டணம் மாறக்கூடியது, கிளம்பும் முன் பூங்காத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிசம்பர் 17 அன்று ஆண்டுதோறும் விழா நடக்கும். விமானத்தில் உண்மையான ஆர்வம் உள்ளவர்கள் ஒரு தடவையாவது அந்த நாளில் வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம், குளிரைத் தாங்க முடிந்தால்.

எடுத்துப்போக வேண்டியவை

தொப்பி, தண்ணீர், வெயில் களிம்பு, மூடிய காலணி. இதில் காலணியை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடற்கரைக்கு வந்த செருப்போடு அப்படியே இறங்கிவிடுகிறார்கள். இந்தப் புல்லில் நெருஞ்சி மாதிரி ஒரு முள் உண்டு, குட்டையாகத் தரையோடு படர்ந்த சப்பாத்திக்கள்ளியும் உண்டு. பாதையை விட்டு இறங்காதீர்கள், குழந்தைகளை வெறுங்காலோடு ஓட விடாதீர்கள். நிழல் என்பது ஏறக்குறைய இல்லவே இல்லை. கோடையில் கொசு மருந்தும் வேண்டும். 1901 கோடையில் இங்கே கூடாரம் போட்ட சகோதரர்கள் கொசுக்கடியால் பட்ட பாட்டை ஆர்வில் தன் தங்கை கேத்தரினுக்குக் கடிதத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

முதல் நிறுத்தம்: பார்வையாளர் மையம்

குன்றைப் பார்த்ததும் கால் தானாக அங்கே இழுக்கும். விடாதீர்கள், நேராகப் பார்வையாளர் மையத்துக்குள் போங்கள். 1960-இல் கட்டிய தாழ்வான கான்கிரீட் கட்டிடம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது, ஆனால் அந்தக் கட்டிடமே அமெரிக்கக் கட்டிடக்கலை வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று, தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்திருக்கிறார்கள்.

உள்ளே 1903 ஃபிளையர் விமானத்தின் முழு அளவுப் பிரதி இருக்கிறது. (அசல் வாஷிங்டனில், அதைக் கடைசியில் சொல்கிறேன்.) இந்தப் பிரதியின் முன்னால் கால் மணி நேரமாவது நில்லுங்கள். இறக்கை நுனிக்கு நுனி 40 அடி 4 அங்குலம். மொத்த எடை ஆளில்லாமல் 605 பவுண்டு, அதாவது 275 கிலோ அளவு. பைலட் உட்காருவதில்லை, கீழ் இறக்கையின் மேல் குப்புறப் படுக்கிறார். அவருடைய இடுப்பு ஒரு தொட்டில் மாதிரியான அமைப்பில் பொருந்தியிருக்கும். இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தினால் கம்பிகள் இழுபட்டு இறக்கைகளின் நுனியே முறுக்கிக்கொள்ளும். விமானம் சாய்வதும் நிமிர்வதும் அதனால்தான். அந்தக் காலத்தில் பறக்க முயன்ற பலரும் எஞ்சினிலேயே கண்ணாக இருந்தார்கள், மேலே போனபின் எப்படிச் சமாளிப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால், எஞ்சின் இல்லாமல் மிதந்து பறக்கும் கிளைடரில் விழுந்து 1896-இல் இறந்த செய்திதான் சகோதரர்களை இந்த வேலையில் தீவிரமாக இறக்கியது. கட்டுப்பாடுதான் முதல் பிரச்சினை என்று அவர்கள் பிடித்த பிடியில் நின்றார்கள். அந்தக் கம்பிகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். எஞ்சின் நடுவில் இல்லை, பைலட்டுக்கு வலப்புறம் இருக்கிறது. அதன் எடை பைலட்டின் எடையைவிட அதிகம். அதைச் சரிக்கட்ட வலது இறக்கையை இடதைவிட நாலு அங்குலம் நீளமாகச் செய்தார்கள். எஞ்சினைச் செய்து கொடுத்தவர் சொந்த ஊரான டேட்டனில் அவர்கள் நடத்திய சைக்கிள் கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர், 12 குதிரைத்திறன். சக்தி இரண்டு புரொப்பல்லர்களுக்கும் சங்கிலி வழியாகப் போகிறது, சைக்கிள்காரர்கள் அல்லவா. ஒரு சங்கிலியை மட்டும் எட்டுப் போல் குறுக்கே மாற்றிப் போட்டிருப்பார்கள், இரண்டு புரொப்பல்லரும் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதற்காக. குழந்தைகளிடம் "எந்தச் சங்கிலி குறுக்கே போகிறது, கண்டுபிடி" என்று சொல்லிப்பாருங்கள், பத்து நிமிடம் அங்கேயே நிற்பார்கள்.

அசல் எஞ்சினின் உடைந்துபோன கூடு இங்கேதான் காட்சியில் இருக்கிறது. நிறையப் பேர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள், தயவுசெய்து தேடிப்பாருங்கள். அன்று பறந்ததன் ஒரு துண்டு நிஜமாகவே இந்த ஊரில் இருக்கிறது என்றால் அது இதுதான்.

காற்றுச் சுரங்கத்தின் மாதிரியையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் திறந்த ஒரு மரப்பெட்டி, ஒரு முனையில் விசிறி. 1901-இல் அவர்கள் செய்த கிளைடர் கணக்குப்படி தூக்கவில்லை. பிறர் கொடுத்த அட்டவணைகளை நம்பிப் பயனில்லை என்று, 1901 இறுதியில் இந்த மாதிரிப் பெட்டியில் சுமார் 200 சின்னஞ்சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்துத் தாங்களே அட்டவணை போட்டார்கள். இரண்டு பேரும் கல்லூரிப் பக்கம் போகாதவர்கள். 1903 வெற்றியின் பாதி இந்தப் பெட்டிக்குள்தான் நடந்தது என்பேன்.

பூங்கா ஊழியர்களான ரேஞ்சர்கள் இந்த அறையில் பேசுவார்கள். நேரம் மேசையில் கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டாயம் உட்காருங்கள், கண்ணாடி வழியே பறந்த மைதானத்தைக் காட்டியபடியே விளக்குவார்கள். குழந்தைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேட்டு வாங்குங்கள், முடித்துக் கொடுத்தால் பேட்ஜ் தருவார்கள்.

இரண்டாவது: இரண்டு மரக் கொட்டகைகள்

மையத்திலிருந்து வெளியே வந்து நடந்தால் இரண்டு மரக் கட்டிடங்கள். ஒன்று விமானம் நிறுத்தியது, இன்னொன்று வேலை செய்தும் சமைத்தும் தூங்கியும் வாழ்ந்தது. இவை அசல் அல்ல, பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பின்னால் திரும்பக் கட்டியவை. சமையல் அடுப்பு, அலமாரி நிறைய டப்பாக்கள், மேலே உத்தரத்தை ஒட்டிப் படுக்கை. சீக்கிரம் பார்த்துவிடலாம், ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1903 நவம்பரில் புரொப்பல்லர் தண்டு விரிசல் விட்டது, ஆர்வில் அத்தனை தூரம் டேட்டனுக்கு ரயிலில் திரும்பிப் போய்ப் புதுத் தண்டு செய்து எடுத்துக்கொண்டு டிசம்பர் 11 அன்றுதான் வந்து சேர்ந்தார். அதுவரை வில்பர் இந்தக் குளிரில் இந்த மாதிரிக் கொட்டகையில் காத்துக் கிடந்தார்.

மூன்றாவது: பறந்த தடம், இதற்காகத்தான் வந்தீர்கள்

கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கருங்கல் பாறை. விமானம் தரையை விட்டுக் கிளம்பிய இடம் அது. 1928-இல், பறந்து 25 ஆண்டு ஆனபோது, அன்று நேரில் பார்த்தவர்களில் மூன்று பேர் வந்து இடத்தை அடையாளம் காட்டிய பின் பாறையை வைத்தார்கள். பாறைக்குப் பக்கத்தில் விமானம் ஓடிய தண்டவாளத்தின் மாதிரி இருக்கிறது. ஃபிளையருக்குச் சக்கரம் கிடையாது, 60 அடி நீள மரத் தண்டவாளத்தின் மேல் சறுக்கித்தான் கிளம்பியது.

பாறையிலிருந்து வடக்கே ஒரே நேர்க்கோட்டில் நாலு எண் கற்கள். நாலு தடவை பறந்து இறங்கிய இடங்கள். முதலில் ஆர்வில்: காலை 10:35, 12 வினாடி, 120 அடி. அடுத்து வில்பர், சுமார் 175 அடி. மூன்றாவது ஆர்வில், சுமார் 200 அடி. நண்பகல் வாக்கில் மறுபடி வில்பர்: 59 வினாடி, 852 அடி.

இப்போது செய்ய வேண்டியது இது. போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, கூட வந்த யாரையாவது பாறையிலிருந்து முதல் கல் வரை 12 வினாடியில் போகச் சொல்லுங்கள். வேகமாக ஓட வேண்டாம், மெல்ல ஓடினாலே போதும். தரையைப் பொறுத்தவரை விமானத்தின் வேகம் மணிக்கு 7 மைலுக்கும் குறைவு. எதிர்க்காற்று மட்டும் மணிக்கு 20 மைலுக்கு மேல் அடித்தது. அதனால்தான் வில்பரால் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடிவர முடிந்தது. போயிங் 747-இன் இறக்கை நீளம்கூட இந்த 120 அடியைவிட மிக அதிகம். இந்த எண்களைப் புத்தகத்தில் படித்தால் ஒன்றும் உறைக்காது. இந்தப் புல்லில், முகத்தில் காற்று அடிக்க, முதல் கல் இவ்வளவு பக்கத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்தால் உறைக்கும்.

முதல் மூன்று கற்களும் கிட்டக்கிட்ட இருக்கும். நாலாவது எங்கேயோ தள்ளி நிற்கும். பெரும்பாலானவர்கள் மூன்றாவதோடு திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் நடங்கள், சாதாரண நடையில் மூன்று நிமிடம்தான். 12 வினாடியை ஒரு தாவல் என்று யாராவது தள்ளிவிடலாம், 59 வினாடி பறந்ததை அப்படிச் சொல்ல முடியாது. ஒரே காலையில் இரண்டு பேரும் கற்றுக்கொண்டே போன தூரம் அந்த மூன்றாவது கல்லுக்கும் நாலாவது கல்லுக்கும் நடுவே கிடக்கிறது. என்னைக் கேட்டால் இந்த நினைவிடம் முழுவதிலும் மிகச் சிறந்த இடம் அந்த நடைதான்.

நாலாவது கல்லிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது இதையும் சொல்லுங்கள்: அதற்குப்பின் விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெருங்காற்று வந்து அதைப் புரட்டிப்போட்டு நொறுக்கிவிட்டது. அந்த ஃபிளையர் மறுபடி பறக்கவே இல்லை. பிடித்து நிறுத்தப் போன உள்ளூர்க்காரர் ஜான் டேனியல்ஸ் கம்பிகளுக்குள் சிக்கி விமானத்தோடு உருண்டார், நல்லவேளையாகப் பெரிய காயமில்லை. காலையில் முதல் பறத்தலைப் படம் பிடித்ததும் அவர்தான். கேமராவை ஸ்டாண்டில் பொருத்திக் குறி வைத்தது ஆர்வில், ரப்பர் பல்பை அமுக்கியது டேனியல்ஸ். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் படம் அப்படி எடுத்ததுதான்.

எதிர்க்காற்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சாட்சி: நூற்றாண்டு நாளான 2003 டிசம்பர் 17 அன்று, அதிபர் உட்படப் பெருங்கூட்டம் வந்திருக்க, மிகக் கவனமாகச் செய்த பிரதி ஒன்றைப் பறக்கவிடப் பார்த்தார்கள். மழை பெய்தது, காற்று போதவில்லை, விமானம் எழும்பாமல் சேற்றில் நின்றது. வில்பர் வானிலைத் துறைக்கு எழுதி, எங்கே காற்று அதிகம் என்று கேட்டுக் கேட்டு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததன் அருமை அப்போது புரியும்.

நாலாவது: இப்போது குன்றில் ஏறுங்கள்

குன்று சுமார் 90 அடி, அதன் மேல் தூண் 60 அடி. தளம் போட்ட பாதை உண்டு, ஆனால் நல்ல சரிவு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்து முட்டி வலி என்றால் ஏற வற்புறுத்தாதீர்கள். குன்றைச் சுற்றிக் காரில் வரலாம், கீழேயிருந்தும் தூண் நன்றாகவே தெரியும். தூணின் பக்கங்களில் இறக்கை மாதிரிச் செதுக்கியிருப்பதைக் கவனியுங்கள். அடியில் சுற்றிலும் பெரிய எழுத்துகளில், மேதைமையால் உருவாகி மனம் தளராத உறுதியாலும் அசையாத நம்பிக்கையாலும் நிறைவேறியது என்ற பொருளில் வாசகம் ஓடும். சுற்றி நடந்துதான் படிக்க முடியும். வில்பர் 1912-இலேயே டைபாய்டில் இறந்துவிட்டார். 1932 நவம்பரில் தூணைத் திறந்தபோது ஆர்வில் மட்டும் வந்து நின்றார்.

கில் டெவில் ஹில் என்ற இந்தக் குன்று 1903-இல் இதே இடத்தில் இல்லை. அப்போது இது புல் இல்லாத வெறும் மணல். காற்று தள்ளித் தள்ளி, 1920-களின் கடைசிக்குள் சுமார் 450 அடி தென்மேற்கே நகர்ந்துவிட்டது. அதன் மேல் தூண் கட்ட வேண்டுமென்று புல் நட்டு நிறுத்தினார்கள். 1901 முதல் 1903 வரை கிளைடரில் இதன் சரிவிலிருந்துதான் பறந்து பழகினார்கள், 1902 இலையுதிர் காலத்தில் மட்டும் பல நூறு தடவை. 1903 டிசம்பர் 14 அன்று நாணயம் சுண்டிப்போட்டு வில்பர் ஜெயித்து, எஞ்சின் விமானத்தில் முதல் முயற்சி செய்ததும் இதன் சரிவில்தான். மூக்கை அதிகம் தூக்கிவிட்டார், மூன்றரை வினாடியில் விழுந்தது. அதை அவர்கள் பறத்தலாகவே கணக்கில் சேர்க்கவில்லை, அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

உச்சியில் ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் காயல், வடக்கே நீங்கள் நடந்துவந்த தடம் கோடு போட்டாற்போல் தெரியும். தடத்தில் நடக்காமல் முதலிலேயே இங்கே ஏறியவர்களுக்கு அந்தக் கோடு வெறும் பாதையாகத்தான் தோன்றும்.

ஐந்தாவது: தெற்கு அடிவாரச் சிற்பங்கள்

குன்றின் மறுபுறம் இறங்கினால் 10:35 காட்சியை முழு அளவில் உலோகத்தில் வைத்திருக்கிறார்கள், நூற்றாண்டுக்கு வட கரோலினா மாநிலம் கொடுத்தது. விமானம், ஓடும் வில்பர், கேமராவோடு டேனியல்ஸ், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும். இதன் மேல் குழந்தைகள் ஏறிப் படுத்துப் பார்க்கலாம், படம் எடுக்க இதுதான் சரியான இடம். வெயில் நேரத்தில் உலோகம் சுடும், கை வைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

பக்கத்திலேயே சின்ன விமான ஓடுதளம் இருக்கிறது, 3000 அடி. சொந்த விமானம் ஓட்டுகிறவர்கள் இங்கே வந்து இறங்குவார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நீங்கள் நிற்கும்போதே ஒன்று தலைக்கு மேல் போகும்.

எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். காலை 9 மணிக்கே நுழைந்தால் வெயில் ஏறும் முன் தடத்தையும் குன்றையும் முடித்துவிடலாம்; கோடையில் மட்டும் வரிசையைக் கொஞ்சம் மாற்றி, முதலில் தடம், குன்று, பிறகு மையம் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் மதியத்துக்குப் புளியோதரையோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு வருவது நல்லது, இந்தத் தீவுகளில் மீனும் இறாலும்தான் ராஜா.

இன்னும் நேரமிருந்தால்

தெற்கே சில மைலில் நாக்ஸ் ஹெட் ஊரில் ஜாக்கீஸ் ரிட்ஜ் மாநிலப் பூங்கா, நுழைவு இலவசம். புல் நடாத, இன்னமும் நகர்ந்துகொண்டிருக்கும் மணல்மேடு. சகோதரர்கள் பார்த்த கில் டெவில் ஹில் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய இங்கே வாருங்கள். மாலையில் மணல் ஆறியபின் போவது உத்தமம். பணம் கட்டி ஹாங் கிளைடிங் கற்றுக்கொள்ளலாம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஆர்வில் 1911 அக்டோபரில் கில் டெவில் ஹில்லில் எஞ்சின் இல்லாத கிளைடரில் 9 நிமிடம் 45 வினாடி காற்றில் நின்றார், அந்தச் சாதனையைச் சுமார் பத்தாண்டு யாரும் முறியடிக்கவில்லை.

அசல் ஃபிளையர் வாஷிங்டன் ஸ்மித்சோனியனின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காரில் வடக்கே திரும்புகிறவர்கள் அடுத்த நாளே அதையும் பார்த்துவிடலாம். கட்டணம் இல்லை, ஆனால் நேரம் குறித்த இலவசச் சீட்டு முன்பே எடுத்துவைக்க வேண்டியிருக்கும். விடுமுறை நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் அவுட்டர் பேங்க்ஸுக்கு அறை பதிவு செய்யும்போதே இதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.